சிலந்தியின் வயிற்றிலிருந்து வந்த வெள்ளைப் புழு: சிறுதலை ஈக்களைப் பற்றி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வெளியிலிருந்து பிடித்து வந்து சில மாதங்களாக டப்பாவில் வளர்த்த ஓநாய்ச் சிலந்தி. நன்றாகச் சாப்பிட்டது, இரண்டு முறை தோலுரித்தது. திடீரென்று இரையைத் தொடவில்லை. வழக்கமாக வலை பின்னாத அது, டப்பாவின் ஒரு மூலையில் நூலை விரித்து அதற்குள் முடங்கியது. மறுநாள் வயிறு காற்றுப்போன பை மாதிரிச் சுருங்கிச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் நூலில் ஒட்டியபடி ஒரு பருத்த வெள்ளைப் புழு. இது எங்கிருந்து வந்தது, நான் போட்ட இரைப்பூச்சியிலிருந்தா, மற்ற சிலந்திகளுக்கும் பரவுமா, முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்பவை கேள்விகள்.

முதலில் நேரடியான பதில்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அக்ரோசெரிடே என்ற ஈக் குடும்பத்தைக் காட்டுகின்றன. சிறுதலை ஈ, கூன்முதுகு ஈ, சிலந்தி ஈ என்று பல பெயர்கள் இதற்கு உண்டு. இரைப்பூச்சி வழியாக இது வரவில்லை. சிலந்தி உங்கள் கைக்கு வரும் முன்பே, அநேகமாக அது குஞ்சாக இருந்தபோதே, புழு உள்ளே போய்விட்டது. அந்தப் புழுவோ அது மாறப்போகும் கூட்டுப்புழுவோ மற்ற சிலந்திகளை நேரடியாகத் தொற்றாது. ஆனால் அதிலிருந்து வரும் ஈயை வெளியே திரியவிடக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். காப்பாற்றியிருக்க முடியாது. உங்கள் பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தயவுசெய்து அந்தப் புழுவைத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்பதைத்தான் இந்தப் பதிலில் அதிகம் சொல்லப்போகிறேன்.

வேறு எதுவும் இல்லை, இதுதான் என்று எப்படி உறுதி செய்வது? சிலந்தியைக் கொல்லும் புழுக்கள் பல உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். குளவிகளில் ஒரு கூட்டம் சிலந்தியின் வயிற்றின் மேல் முட்டையிடும். அந்தப் புழு கடைசி வரை வெளியேதான் உட்கார்ந்திருக்கும், முதுகில் மூட்டை மாதிரித் தெரியும், பிறகு தானே நூல் சுற்றிக் கூடு கட்டும். சிலந்தி வேட்டைக் குளவி என்றால் சிலந்தியைக் கொட்டி அசைவற்றுப்போகச் செய்து வளைக்குள் இழுத்துச் சென்றிருக்கும். டப்பாவுக்குள் அதற்கு வழியில்லை. மெர்மித்திட் என்ற நூற்புழுவும் சிலந்தியின் வயிற்றை ஊதச் செய்யும். ஆனால் வெளியே வருவது சுருள் சுருளாக, சிலந்தியைப் போலப் பல மடங்கு நீளமான, நூல் போன்ற ஒரு புழு. பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். போரிட் ஈக்கள், குறிப்பாக மெகசீலியா ஸ்கேலாரிஸ், அடிபட்ட அல்லது செத்த சிலந்திக்குத்தான் பெரும்பாலும் வரும். அங்கே ஒரு புழு இருக்காது, சின்னச் சின்னதாக நிறைய நெளியும்.

இவற்றையெல்லாம் விட உறுதியான அடையாளம் சில நாளில் கிடைக்கும். போரிட் ஈ, சதை ஈ போன்றவை கூட்டுப்புழுவாகும்போது தங்கள் புழுத்தோலையே கெட்டியான பழுப்புக் குப்பியாக மாற்றி அதற்குள் ஒளிந்துகொள்ளும். சிறுதலை ஈக்குக் குப்பி கிடையாது. அது புழுத்தோலைக் கழற்றிப் பின்னால் தள்ளிவிட்டு, திறந்த கூட்டுப்புழுவாக நிற்கும். மார்புப் பகுதி கூனாக மேடிட்டிருக்கும், தலை கீழே மடங்கியிருக்கும், கால்களும் இறக்கை உறைகளும் வெளியிலேயே தெரியும். கசங்கிய வெள்ளைத் தோல் ஒன்று அதன் வால் பக்கம் கிடக்கும். இது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி இந்த ஈயின் வாழ்க்கை. இது தெரிந்தால்தான் உங்கள் கேள்விகளுக்கான காரணங்கள் விளங்கும்.

தாய் ஈ சிலந்தியைத் தேடிப் போவதே இல்லை. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளும் டாக்கினிட் ஈக்களும் இரையை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்து, அதன் மேலோ உள்ளேயோ முட்டை வைக்கும். இங்கே தாய் செய்வது, சிலந்தி நடமாடக்கூடிய இடத்தில் முட்டைகளைக் கொட்டுவது மட்டும்தான். சில இனங்கள் பறந்துகொண்டே உதிர்க்கும். உலகமெங்கும் பரவியுள்ள ஆக்கோடெஸ் என்ற பேரினத்தின் பெண்கள் காய்ந்த சுள்ளியின் நுனியில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், நிறம் கறுப்பு. ஒரே சுள்ளிக்குப் பல பெண்கள் வந்து சேர்வதும் உண்டு. அப்போது அந்த நுனி, மைத்தூள் தூவியது போலக் கறுத்துவிடும். பூஞ்சை பிடித்த குச்சி என்று கடந்து போய்விடுவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வரிசையாக ஒட்டியிருக்கும் பேரிக்காய் வடிவ முட்டைகள் தெரியும். ஒரு பெண் இடும் முட்டைகள் நூற்றுக்கணக்கில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். இவ்வளவு தேவைப்படுவதன் காரணம் எளிமையானது: சிலந்தியைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் பிறந்த குஞ்சின் தலையில் விழுகிறது, அவற்றில் பெரும்பாலானவை ஒரு சிலந்தியையும் சந்திக்காமலே காய்ந்து போகும்.

முட்டையிலிருந்து வரும் முதல் பருவப் புழுவுக்குப் பிளானிடியம் என்று பெயர். ஈயின் புழு என்றதும் நமக்குத் தோன்றும் வழுவழுப்பான வெள்ளை உருவம் இல்லை இது. சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளம். உடல் முழுவதும் கறுத்த, கெட்டியான தகடுகள் வளைய வளையமாகப் போர்த்தியிருக்கும். அதனால்தான் கொஞ்ச நேரமாவது வெயிலில் காயாமல் தாங்குகிறது. பின்முனையில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு வட்டும் நீண்ட முடிகளும் உண்டு. நடை அட்டையின் நடைதான்: வாயால் பிடித்து, உடலை வளைத்து, பின்முனையை முன்னே கொண்டுவந்து ஊன்றி, மறுபடி நீட்டும். இடையிடையே பின்முனையை ஊன்றிக்கொண்டு செங்குத்தாக எழுந்து நின்று தலையைச் சுழற்றும். ஏதாவது அசைந்தால் உடலை வில்லாக வளைத்து, முடிகளை உதைத்துத் துள்ளும். ஒரு துள்ளலில் தன் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் போய்விடும். சிலந்தி இழையின் மேல் ஏறி நடக்கவும் அதற்குத் தெரியும். எனவே வலையில் உட்கார்ந்திருக்கும் சிலந்தியும் இதிலிருந்து தப்பியதில்லை.

சிலந்தியின் கால் மேலே பட்டால் போதும். பிடித்துக்கொண்டு காலின் வழியாக ஏறி, மூட்டுகளிலோ உடலிலோ உள்ள மெல்லிய சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அதன் பிறகு அது செய்வதுதான் இந்த ஈக்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வியப்பைத் தருகிறது. உள்ளே போனதும் தின்னத் தொடங்குவதில்லை. நேராகப் புத்தக நுரையீரலின் பக்கம் போகும். சிலந்தியின் வயிற்றின் அடிப்பக்கத்தில், புத்தகத் தாள்களை அடுக்கியது போல இருக்கும் மூச்சுறுப்பு அது. அங்கே தன் பின்பக்க மூச்சுத்துளைகளைச் சிலந்தியின் காற்றோடு இணைத்துக்கொண்டு அப்படியே உறங்கும். சிலந்தியின் இரத்தத்துக்குள் மூழ்கியிருக்கும் ஓர் உயிருக்குக் காற்று கிடைப்பதுதான் பெரிய சிக்கல். அந்தச் சிக்கலுக்கு இது கண்ட வழி இது. சிலந்தி மூச்சு விடும் வரை இதுவும் விடும்.

இந்த உறக்கம் ஓநாய்ச் சிலந்தி, தாவும் சிலந்தி போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றில் சில மாதங்கள், பெரும்பாலும் ஒரு குளிர்காலம் நீடிக்கும். டரான்டுலா, பொறிக்கதவுச் சிலந்தி போன்றவை பல ஆண்டுகள் வாழ்பவை. அவற்றுக்குள் புழுவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இந்தக் காலம் முழுவதும் சிலந்தி சாப்பிடும், வளரும், தோலுரிக்கும். வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. உங்கள் சிலந்தி இரண்டு முறை நல்லபடியாகத் தோலுரித்ததில் வியப்பில்லை.

சிலந்தி முழு வளர்ச்சியை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. பிளானிடியம் தோலுரித்து, கெட்டித் தகடுகள் எதுவுமற்ற மென்மையான புழுவாகிறது. புழுப்பருவத்துக்குள்ளேயே ஒரு முழு உருமாற்றம் இது. முதலில் உடல் திரவத்தை உறிஞ்சும். கடைசிப் பருவத்துக்கு வந்ததும் வேகம் பிடிக்கும். சில நாட்களில் வயிற்றுக்குள் இருக்கும் செரிமானப் பகுதி, சினைப்பை, பட்டுச் சுரப்பி என்று ஒவ்வொன்றாகக் காலியாகும். சிலந்தி உயிரோடுதான் இருக்கும், மெதுவாக நடக்கவும் செய்யும். வெளியே வருவதற்குச் சற்று முன், வலை பின்னாத சிலந்திகள்கூட நூல் விரித்துத் தங்குமிடம் அமைப்பது பல இனங்களில் பதிவாகியிருக்கிறது. தோலுரிக்கப் போகும்போது சிலந்தி விரிக்கும் நூலைப் போன்றது அது. புழு வெளியே வந்து அந்த நூலில்தான் தொங்கிக் கூட்டுப்புழுவாகிறது. தரையில் விழுந்தால் எறும்புக்கும் ஈரத்துக்கும் இரையாகியிருக்கும். உங்கள் டப்பாவின் மூலையில் இருந்த நூல் சிலந்தி தனக்காக விரித்தது போலத் தோன்றினாலும், பயன்பட்டது புழுவுக்குத்தான். வயிற்றுத் தோலைக் கிழித்துக்கொண்டு புழு வெளியேறிய சில மணி நேரத்தில் சிலந்தி இறந்துவிடும். தலையும் கால்களும் முழுதாக இருக்க, வயிறு மட்டும் வெறும் தோலாகத் தொங்குவது இதனால்தான்.

வளர்ந்த ஈ எப்படி இருக்கும்? முதல்முறை பார்ப்பவர்கள் ஈ என்றே நம்ப மாட்டார்கள். மார்பு கூனல் விழுந்து உருண்டிருக்கும். வயிறு காற்றடைத்த பலூன் மாதிரி ஊதியிருக்கும். தலையோ குண்டூசித் தலை அளவுக்குச் சிறியது. மார்பின் கீழே மடங்கியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாதது போலிருக்கும். அந்தச் சிறிய தலையிலும் ஏறக்குறைய முழு இடத்தையும் கண்கள் பிடித்துக்கொள்கின்றன. இறக்கையின் அடியில், பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு உறுப்புகளான சமனிகளை மூடியபடி இரண்டு பெரிய மடல்கள் கிண்ணம் கவிழ்த்தது போல இருக்கும். ஈக்களில் இவ்வளவு பெரிய மடல் அபூர்வம். உடல் நீளம் இனத்துக்கு இனம் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை போகும்.

இதுவரை 500-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன, பேரினங்கள் 50-ஐத் தாண்டும். 1815-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் இந்தக் குடும்பத்துக்குப் பெயரிட்டார். பழைய நூல்களில் சிர்ட்டிடே என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும். குடும்பம் மிகப் பழையது: கஜகஸ்தானின் கரதாவு மலைப்பகுதியில் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதிப் படிவங்களிலேயே இதன் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன.

வகைப்படுத்தலில் மரபாக மூன்று துணைக்குடும்பங்கள் சொல்வார்கள். எந்த ஈ எந்தச் சிலந்தியைத் தாக்கும் என்பதும் இந்தப் பிரிவை ஒட்டியே போகிறது, அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது பயன் தரும். பானோபினே என்பவை பெரியவை, பல இனங்கள் முடி அடர்ந்தவை, சில உலோகப் பச்சையும் நீலமுமாக மின்னுபவை. இவற்றின் புழுக்கள் டரான்டுலா, பொறிக்கதவுச் சிலந்தி வகையறாவுக்குள் மட்டுமே வளர்கின்றன. வட அமெரிக்காவின் யூலோங்கஸ், தென் அமெரிக்காவில் பெருகியிருக்கும் லாசியா ஆகியவை இந்தப் பிரிவு. இரண்டுக்கும் நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. லாசியாவில் சில இனங்களுக்கு அது உடலை விட நீளம். பூந்தேன் குடிக்க வரும்போது உடல் முழுக்க மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். நீண்ட குழல் கொண்ட பூக்களுக்கு இவை முக்கியமான மகரந்தச் சேர்க்கையாளர்கள். பிறந்தது ஒரு சிலந்தியின் வயிற்றில், பிழைப்பது பூவில்.

அக்ரோசெரினே, ஃபிலோபோட்டினே என்ற மற்ற இரண்டும் மீதமுள்ள சாதாரணச் சிலந்திகளுக்கு உரியவை. ஓநாய்ச் சிலந்தி, தாவும் சிலந்தி, பைச் சிலந்தி, நண்டுச் சிலந்தி, புனல்வலைச் சிலந்தி என்று இருபதுக்கு மேற்பட்ட சிலந்திக் குடும்பங்களில் சிறுதலை ஈக்கள் பதிவாகியிருக்கின்றன. உங்களுடையது ஓநாய்ச் சிலந்தி என்பதால் பானோபினேவை ஒதுக்கிவிடலாம். அநேகமாக ஆக்கோடெஸ் அல்லது அக்ரோசெரா. இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு: உணர்கொம்பு தலையின் கீழே, வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் ஆக்கோடெஸ், உச்சந்தலைப் பக்கம் இருந்தால் அக்ரோசெரா. இந்த இரண்டுக்கும் வாயுறுப்பு தேய்ந்து போயிருக்கும், வளர்ந்த ஈ எதையும் சாப்பிடாது. புழுவாக இருந்தபோது சிலந்தியிடமிருந்து எடுத்துச் சேர்த்ததை வைத்துத்தான் சில நாள் பறந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடிக்கும். இறக்கையின் முன்விளிம்பில் பல் போல ஒரு துருத்தல் இருந்தால் அது டெரோடோன்ஷியாவின் ஆண். அந்தப் பேரினத்தின் பிளானிடியங்கள் மைட் எனப்படும் சிற்றுண்ணிகளில் சில இனங்களின் மேலும் கிடைத்திருக்கின்றன. ஆனால் வளர்ந்து ஈயாக வெளிவருவது சிலந்தியிலிருந்துதான்.

சரி, இப்போது டப்பாவில் இருக்கும் புழுவை என்ன செய்வது?

தொடாதீர்கள். இதுதான் முதல் வேலை. தோல் மிக மென்மையானது, இடுக்கியின் அழுத்தத்திலேயே கிழியும். நூலிலிருந்து பிரித்துத் தரையில் வைத்தால் பல புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறும்போது தோலைக் கழற்ற முடியாமல் பாதியில் செத்துவிடும். பின்னால் பிடித்திழுக்க நூல் வேண்டும். டப்பா சின்னதாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பெரியதாக இருந்தால், நூல் விரிந்திருக்கும் பட்டை அல்லது இலையோடு சேர்த்து எடுத்து 50 மில்லி அளவுள்ள ஒரு குப்பிக்கு மாற்றலாம். வாயை நெருக்கமான துணி வலையால் மூடுங்கள். அடியில் ஈரமாக்கிப் பிழிந்த ஒரு துண்டு மெல்லிய காகிதம் போதும். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்த அளவு. குப்பியின் சுவரில் நீர்த்துளி படிந்தால் ஈரம் அதிகம், வலை வழியாகக் காற்று போக விடுங்கள். நேரடி வெயில் படாமல், 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் வையுங்கள். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நூலிலிருந்து விழுந்துவிட்டதா? ஒரு மென்மையான காகிதத்தில் சிறு பள்ளம் செய்து, மென்முடித் தூரிகையால் உருட்டி அதில் கிடத்துங்கள். வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

செத்த சிலந்தியை அதே குப்பியில் விடக் கூடாது. ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், அங்கிருந்து கூட்டுப்புழுவுக்கும் தாவும். இந்த முயற்சிகள் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்கு அடுத்தது அக்கறையில் அதிகமாகத் தண்ணீர் தெளிப்பது. சிலந்தியை எடுத்துச் சாராயக் கரைசலில் போட்டு வையுங்கள். 70 முதல் 80 சதவீத எத்தனால் உருவ அமைப்பைப் பார்க்கப் போதும். மரபணு ஆய்வுக்கு உதவ வேண்டுமென்றால் 95 சதவீதம் தேவை. அது முந்தித் தோலுரித்த தோல் டப்பாவில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். சிலந்தியின் இனத்தைப் பெண்ணின் இனப்புழையையும் ஆணின் உணர்கரத்தையும் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வயிறு குடைந்த, முதிராத சிலந்தியில் அது கடினம். அப்போது கைவசம் உள்ள ஒவ்வொரு துண்டும் உதவும். சிலந்தி உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள், குறிப்பாகக் கண் வரிசை தெரியும் முன்பக்கப் படங்கள், அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப்புழு முதலில் பால் வெள்ளையாக இருக்கும், பிறகு கண்கள் கறுக்கும், அடுத்து உடலின் நிறம் தோல் வழியே தெரியத் தொடங்கும். வெப்பத்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் ஈ வெளிவரும். கண் கறுத்ததும் குப்பிக்குள் ஒரு சொரசொரப்பான குச்சி அல்லது காகிதப் பட்டையைச் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் ஈ மேலே ஏறித் தொங்கினால்தான் இறக்கையை விரிக்க முடியும். வழுக்கும் கண்ணாடிச் சுவர் மட்டும் இருந்தால் இறக்கை கசங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு நரம்பமைப்பைப் பார்த்து இனம் பிரிக்கவும் முடியாது. விரித்த பிறகு ஒரு நாள் முழுவதும் விடுங்கள். உடல் இறுகாத ஈயை உடனே பதப்படுத்தினால் சுருங்கிவிடும்.

இறுகிய ஈயைக்கூட ஊசியில் குத்திக் காயவிட்டால் வயிறு உள்வாங்கும், ஏனெனில் அந்த வயிற்றில் பெரும்பகுதி காற்றுதான். ஒரே ஒரு ஈ கிடைத்திருந்தால் இப்படிச் செய்யலாம்: உயிரோடிருக்கும்போது பக்கவாட்டிலும் முன்னாலும் தெளிவாகப் படம் எடுங்கள், கண்ணின் நிறமும் உடலின் மஞ்சளும் செத்த பிறகு நிலைக்காது. பிறகு ஒரு காலைப் பிரித்து 95 சதவீத எத்தனாலில் தனியாகப் போடுங்கள். உடலை முக்கோண அட்டையின் நுனியில் மார்பின் பக்கவாட்டில் ஒட்டிக் காயவிடுங்கள். ஈ வெளியேறிய பின் எஞ்சும் கூட்டுத்தோலையும், அதற்கு முந்தைய புழுத்தோலையும் ஒரு சிறு உறையில் போட்டு அதே ஊசியில் கோத்துவிடுங்கள். பல இனங்களுக்குக் கூட்டுத்தோலின் விவரிப்பே கிடையாது.

இப்போது உங்கள் மற்ற சிலந்திகள். வந்திருக்கும் ஈ பெண்ணாக இருந்து வெளியே பறந்தால், அறையில் எங்கு வேண்டுமானாலும் முட்டைகளை உதிர்க்கக்கூடும். வலைத் துணியால் ஈயை அடைக்கலாம்; ஆனால் 0.3 மில்லிமீட்டர் பிளானிடியத்தைச் சாதாரண வலை தடுக்காது. எனவே தடுக்க வேண்டிய இடம் ஈ நிலைதான். குப்பியின் மூடியைச் சிலந்தி டப்பாக்கள் இருக்கும் அறையில் திறக்காதீர்கள். ஈ ஏற்கெனவே குப்பிக்குள் இருந்தால், வேலை முடிந்ததும் காகிதம், குச்சி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து கொண்டுவரும் சுள்ளி, பட்டை, சருகு ஆகியவற்றிலும் முட்டை இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிய பிறகு பயன்படுத்துங்கள். குளிரூட்டியில் வைப்பதை நம்ப வேண்டாம், குளிரைத் தாங்கும் பூச்சிப் பருவங்கள் நிறைய. அடைப்பில் பிறந்து அடைப்பிலேயே வளர்ந்த சிலந்திக்கு, இப்படிக் கவனமாக இருந்தால், இந்த ஈயால் பாதிப்பு வருவதில்லை. வெளியிலிருந்து பிடித்த சிலந்தியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கச் சொல்வார்கள், அது நல்ல பழக்கம்தான். ஆனால் மூன்று மாதம் நன்றாக இருந்தால் புழு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. டரான்டுலாவில் ஆண்டுகள் கழித்தும் வெளிவரும்.

நோய் தீர்க்க வழி உண்டா என்றால், இல்லை. புழு சிறிதாக இருக்கும்போது தெரியாது. தெரியும்போது வயிற்றில் பாதிக்கு மேல் போய்விட்டிருக்கும். புழுவைக் கொல்லும் எந்த மருந்தும் சிலந்தியையும் கொல்லும். வயிற்றைக் கீறி எடுத்தால் சிலந்தி உடல் திரவம் இழந்து சாகும். இதை விட அடிக்கடி நடக்கும் தவறு வேறு: தோலுரிக்கத் தயாராகும் சிலந்தியைப் பார்த்து ஒட்டுண்ணி என்று பயந்து தொந்தரவு செய்வது. இரண்டிலும் சிலந்தி சாப்பிடாது, நூல் விரிக்கும், வயிறு பருத்திருக்கும். தோலுரிக்கும் முன் வயிறு இருபுறமும் சமமாக, இறுக்கமாக இருக்கும், நிறம் மங்கிக் கறுக்கும். ஒட்டுண்ணி இருந்தால் வடிவம் கோணலாக, ஒரு பக்கம் வீங்கி இருக்கலாம். மெல்லிய தோல் உள்ள சிறு சிலந்தியில் பின்னாலிருந்து சிறிய டார்ச் வெளிச்சம் காட்டினால் வெளிறிய ஒரு கட்டி தெரியும், சில நேரம் அசையும். சந்தேகம் தீரவில்லையா, தோலுரிக்கப் போகிறது என்றே வைத்துக்கொண்டு இரையை எடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, தொடாமல் விடுங்கள். எந்த நிலையிலும் அதனால் கெடுதல் இல்லை.

புழுவைத் தூக்கிப் போட வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? இந்தக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் எந்தச் சிலந்திக்குள் வளர்கின்றன என்பதற்குப் பதிவே இல்லை. ஈயை வலை வீசிப் பிடித்தால் ஈ கிடைக்கும், அது எங்கு வளர்ந்தது என்பது கிடைக்காது. சிலந்திகளைப் பிடித்து வளர்த்துப் பார்த்தாலும், பாதிக்கப்பட்டது நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ ஆக இருக்கக்கூடும். அதனால் ஒரே டப்பாவில் சிலந்தியும் அதிலிருந்து வந்த ஈயும் சேர்ந்து கிடைப்பது அரிய வாய்ப்பு. வாழ்நாள் முழுவதையும் இந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த எவர்ட் ஷ்லிங்கர் போன்றவர்களின் வேலைக்கே இப்படி அங்கங்கே வளர்த்தெடுக்கப்பட்ட ஈக்கள்தான் அடித்தளமாக இருந்தன.

சீட்டில் எழுத வேண்டியவை: சிலந்தி பிடித்த இடமும் தேதியும், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை; புதரிலா தரையிலா சுவரிலா என்பது; பிடித்தபோது சிலந்தியின் அளவு; ஒவ்வொரு தோலுரிப்பின் தேதி; இரையை மறுத்த நாள், நூல் விரித்த நாள், புழு வெளிவந்த நாள், கூட்டுப்புழுவான நாள், ஈ வந்த நாள், ஆணா பெண்ணா. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரையும். ஈக்கும் சிலந்திக்கும் தோல்களுக்கும் ஒரே எண் கொடுங்கள். பிறகு ஈக்களை ஆராயும் ஒருவர் இருக்கும் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கோ இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். ஈ ஒரு பெட்டிக்கும் சிலந்தி இன்னொரு பெட்டிக்கும் போய், எண்ணும் பொருந்தாமல் போனால், இவ்வளவு நாள் காத்திருந்து கிடைத்த இணைப்பு அறுந்துவிடும்.